சும்மா ஞாயிறு

கல்லுவிளைத் தமிழ்ச் சபையில் சும்மா ஞாயிறு என்று ஒன்று கிடையாது. கல்லையும் காய்ச்சலையும் சுமந்து அந்த ஆலயத்தைக் கட்டிய வெள்ளைக்காரப் பாதிரியார் காலத்தில், ஞாயிறு வந்தால் மணி அடிக்கும், ஆராதனை நடக்கும், ஜனங்கள் வீட்டுக்குப் போவார்கள். அது நிர்வாகம் இல்லாத காலம். இப்போது வாலிபர் ஞாயிறு உண்டு, பெண்கள் ஞாயிறு உண்டு, பாடகர் ஞாயிறு, முதியோர் ஞாயிறு, சுற்றுச்சூழல் ஞாயிறு, ஏழைகள் ஞாயிறு உண்டு. ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கன்வீனர், கன்வீனருக்கு நெஞ்சில் ஒரு பேட்ஜ். பண்டிகைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போன அறுப்பின் பண்டிகைக்கு வந்து இறங்கிய பூசணிக்காய்களுக்கே ஒரு வரவேற்புக் குழு இருந்தது.

தாசையன் அந்தச் சபையின் கடைசி பெஞ்சுக்காரர். சாலைக் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் எடுத்துக் கொடுக்கும் வேலை. பெரிய குட்டுவம் முதல் சின்னக் குழிக்கரண்டி வரை பேசிப் பேசியே விற்பவர், ஆலயத்துக்குள் வந்தால் ஆமென் தவிர வேறொன்றும் பேசியதில்லை. அந்த ஆமெனையும் எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான், தனியாகக் காதில் விழுந்துவிடாதபடி, கர்ச்சீப்புக்குள் இருமுவதுபோலச் சொல்லுவார்.

அவர் மகள் ஜெஸ்லினுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அஜீஷ், போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் குடும்பத்துப் பையன். கப்பலில் சமையல் வேலை. கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்திருந்தவன், லெந்து என்னும் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை திரும்பிப் போகவேண்டும். போனால் பத்து மாதம் கடல்தான். லெந்து தொடங்கிவிட்டால் சபையில் கல்யாணமும் நடத்தமாட்டார்கள். ஆகவே அந்தச் சனிக்கு முந்தின வெள்ளிக்கிழமையைக் கல்யாண நாளாகக் குறித்தார்கள். தாசையனின் மனைவி எலிசாளுக்கு இருந்தது ஒரே ஆசை. தான் அன்றைக்கு முழங்கால் போட்ட அதே பீடத்துப் படியில் மகளும் முழங்கால் போட வேண்டும்.

அதற்கு முன் ஓலை வாசிக்கவேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதேனும் அறிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று இரண்டு பேரின் சபையிலும் மூன்று ஞாயிறு ஆராதனையில் உரக்க வாசிப்பது. பனையோலை போய்க் காகிதம் வந்து எத்தனையோ காலமாகியும் பெயர் ஓலைதான். மழைக்கு ஒழுகுகிற எஸ்டேட் ஆலயத்தில், போனக்காட்டுக்காரர்கள் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். தாசையனும் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும், போதகர் கையெழுத்திட்ட ஓலையோடு சபைச் செயலாளர் முன்னால் போய் நின்றார்.

செயலாளர் சத்தியநேசன், செக்ரட்டேரியட்டில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கார் அவரை விட்டுவிட்டது. அவர் ஃபைலை விடவில்லை.

"ஓலையா? வெச்சிட்டுப் போரும். எந்த ஞாயிறு வேணும்?"

"ஏதாவது மூணு சும்மா ஞாயிறு போதும் சாரே."

"சும்மா ஞாயிறா?" சத்தியநேசன் கண்ணாடியைக் கழற்றினார். "ஓய் தாசையா, அதைத்தான் போன வருஷமே கமிட்டி கூடி நிறுத்தியாச்சில்லா! சும்மா ஞாயிறுக்கு ஆளும் வராது, போட்டோவும் வராது. இப்பம் ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு சங்கத்துக்கு அலாட் செய்திருக்கு. அந்த சங்கத்துக்க அனுமதி இல்லாம வேற ஐட்டம் உள்ள கேறாது."

"ரெண்டு நிமிஷக் காரியமாக்கும்."

"ரெண்டு நிமிஷம்னு நீரு சொல்லுதீரு. வரவேற்புரைக்கே இங்க நேரம் திகையல்ல. ஒரு முறைன்னு இருக்கு அல்லே?" பிறகு இரக்கப்பட்டார். "லெந்துக்கு முன்ன எட்டொன்பது ஞாயிறு கிடக்கு. அதுல மூணு கிட்டாமலா போவும்? தைரியமாப் போரும்."

கிட்டாமலா போகும் என்று தாசையனும் நினைத்தார். அவர் கடையில் ஒன்பது குடம் இருந்தால் மூன்று கேட்பவருக்கு மூன்று கிடைக்கும்.

முதலில் வாலிபர் ஞாயிறு வந்தது. சங்கச் செயலாளர் விஜின் ஓலையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இதை ஆரு அங்கிள் இப்பம் வாசிக்கா? நாங்க ஸ்கிரீன்ல போடுதோம். அடிபொளியா இருக்கும்." அடிபொளியாகத்தான் இருந்தது. திரையில் புகை வந்தது, இடி இடித்தது, அஜீஷும் ஜெஸ்லினும் இரண்டு புறாக்களின் முதுகில் ஏறி வந்து வெடித்துச் சிதறினார்கள். தாசையன் போதகரைப் பார்த்தார். அங்கே போதகரை அச்சன் என்பார்கள். தான் மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவோம், கமிட்டி போகாது என்பதை நன்றாக உணர்ந்தவர் அவர். அதனால் எல்லாவற்றுக்கும் மெல்லச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "வாயால வாசிச்சாத்தான் ஓலை தாசையா. படம் காட்டுனா அது விளம்பரமில்லா."

அடுத்தது பெண்கள் ஞாயிறு. கன்வீனர் பொன்னம்மை டீச்சர் ஓலையின் முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"அஜீஷ் என்பவருக்கும் ஜெஸ்லின் என்பவளுக்கும். ஏன், ஆம்பிளைக்க பேருதான் முதல்ல வரணுமோ? அவருக்கு 'அவர்', இவளுக்கு 'அவள்'! பெண்கள் ஞாயிறுல இதை வாசிச்சா நான் என்ன பதில் சொல்லுவேன்? திருத்திக் கொண்டு வாங்கோ."

தாசையன் அங்கேயே பெஞ்சில் வைத்துத் திருத்தினார். சத்தியநேசன் அதைக் கண்டு பதறிப்போனார். "அச்சன் கையெழுத்துப் போட்ட டாக்குமெண்டுல கை வெச்சீரா? ரிட்டயர் ஆகாத காலமா இருந்தா உமக்கு மெமோ தந்திருப்பேன்." திருத்தியதை அழித்துப் பழையபடி ஆக்கி, வாசிக்காமலே ஓலையைத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்குப் பொன்னம்மை டீச்சரின் சொற்பொழிவு சபை வரலாற்றில் இடம்பெறத்தக்கது. "சகோதரிகளே! இன்னும் எத்தனை காலம் அடுக்களை? வெளியே வாருங்கள்!" என்று அவர் முழங்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்கள் ஞாயிறு விருந்துக்காகப் பெண்கள் விடியற்காலையிலிருந்து பின்கொட்டகையில் அவியலுக்கு நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் கேட்கவேண்டுமே என்று கொட்டகைக்கு ஒரு ஒலிபெருக்கி கட்டியிருந்தது. டீச்சர் மூன்றாம் முறை "வெளியே வாருங்கள்" என்றதும், கூப்பிடுகிறார்களோ என்று எலிசாள் சட்டுவத்தோடு ஆலய வாசலில் எட்டிப் பார்த்தாள். "பப்படம் பொரிச்சாச்சா?" என்று கேட்டார்கள். திரும்பிப் போனாள்.

அன்று சாயங்காலம் ஜெஸ்லின் பேச்சை எடுத்தாள். அவள் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கிறவள். ஆட்களை எப்படிக் காக்க வைப்பார்கள் என்பது அவளுக்குத் தொழில்.

"அப்பா, இது நடக்கப்போற காரியம் இல்ல. நாளைக்கு நானும் அஜீஷும் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல நோட்டீஸ் குடுக்கோம். ஒரு மாசம் போர்டுல கிடக்கும். அதுக்குள்ள சபையில வாசிச்சாவன்னா நோட்டீஸை விட்டிரலாம்."

எலிசாள் அழுதாள். "சர்க்கார் ஆபீஸ்ல தாலி கெட்டதுக்கு நீ என்ன ஓடிப்போனவளா? நம்ம சபை இருக்கும்போ?"

"சபை இருக்கும்மா. ஞாயிறுதான் இல்ல."

தாசையன் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். இன்னும் ஏழு ஞாயிறு கிடக்கிறதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

சுற்றுச்சூழல் ஞாயிறுக்கு முந்தின நாள், ஆலய முற்றத்தில் நின்ற மாமரத்தை வெட்டினார்கள். பிரதம விருந்தினர் மரக்கன்று நட இடம் வேண்டியிருந்தது. வேறு இடங்களும் இருந்தன. ஆனால் அங்கே நட்டால்தான் அவர் பெயர் பொறித்த கல்வெட்டு ரோட்டிலிருந்து தெரியும். சத்தியநேசன் தன் உரையில் இதை விளக்கினார். "ஒரு மரத்தை வெட்டினால் பத்து மரம் நடவேண்டும் என்பது விதி. அன்பானவர்களே, வெட்டாமலே இருந்தால் அந்த நல்ல கடமை நமக்கு எப்படி வரும்?" வெயிலில் நின்ற சபையார் கைதட்டினார்கள். நிழலில் நின்று கைதட்ட வழியில்லை.

"இன்னைக்கு ஓலை வாசிக்கலாமா சாரே?" என்று தாசையன் கேட்டார்.

"இன்னைக்கு ஆராதனை முழுக்கப் பேப்பர் இல்லாத ஆராதனை. பேனர்ல எழுதியிருக்கே, காணல்லியா?" பேனர் இருபதடி பிளெக்ஸில் இருந்தது. "ஓலை பேப்பர்ல அல்லே இருக்கு?"

"எனக்குக் காணாப்பாடம் சாரே. பாக்காமலே நான் சொல்லட்டா?"

"வாசிச்சாத்தான் ஓலை. காணாமச் சொன்னா அது வதந்தி."

அப்புறம் வந்த ஞாயிறுகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போயின. பாடகர் ஞாயிறில் அறிவிப்புகள் உட்பட எல்லாவற்றையும் பாடினார்கள். ஓலைக்கும் நாலு குரலில் ராகம் போட்டாகிவிட்டது, ஆண்களின் மேல்குரல் மட்டும் "தடை" என்ற இடத்தில் தடுக்குகிறது, சரியானதும் பாடிவிடலாம் என்றார்கள். ஓய்வுநாள் பள்ளி ஞாயிறில் சிறுபிள்ளைகள் முன்னால் கல்யாணப் பேச்சு வேண்டாம் என்றார்கள். முதியோர் ஞாயிறில் மூத்த முதியவர் ஒருவர் ஓலை வாசிக்கத் தாமாகவே முன்வந்தார். மேடை ஏறிய பிறகுதான் கண்ணாடி வீட்டில் இருப்பது ஓர்மை வந்தது. அதன் பிறகு, வீட்டில் வேறு எதையெல்லாம் மறந்து வைத்திருக்கிறார் என்று நெடுநேரம் பேசினார்.

போனக்காட்டில் மூன்று ஓலையும் வாசித்து முடித்து, அங்குள்ள சபையார் கல்யாணத்துக்கு வர ஜீப்புக்கும் சொல்லிவிட்டார்கள்.

ஏழைகள் ஞாயிறு நெருங்கியபோது சத்தியநேசனே பாத்திரக் கடைக்கு வந்தார். தாசையனுக்கு உள்ளம் குளிர்ந்தது.

"ஒரு சின்னப் பிரச்சினை. ஏழைகள் ஞாயிறுக்கு ஏழை கிட்டல்ல."

"நம்ம சபையிலயா?"

"இருக்காவ. ஆனா யூடியூப் லைவ்னு சொன்னதும் ஒருத்தரும் வரமாட்டேங்காவ. சொந்தக்காரங்க பாப்பாவளாம். நீரு ஒண்ணு வந்து முன்னால இருக்கணும்."

"சாரே, நான் ஏழைன்னு சொல்லதுக்கு... வீடு சொந்தமாக்கும்."

"ரெண்டு ரூம் வீடுதானே? பரவாயில்ல, போதும். ஓலைக் காரியமும் நடக்கும்லா?"

எலிசாள் முகத்தை நினைத்துத் தாசையன் ஏழையாகச் சம்மதித்தார்.

அன்றைக்கு அவரையும் இன்னும் நாலு பேரையும் பீடத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார வைத்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்தது. அட்டையில் பெயர் இல்லை, 'பயனாளி' என்று மட்டும் இருந்தது. சத்தியநேசன் பேசினார்.

"ஏழைகள் எக்காலத்திலும் நம்மோடு இருப்பார்கள் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். அந்த வாக்கு பொய்யாகிவிடாதபடி இந்தக் கமிட்டி வருஷாவருஷம் கவனமாகப் பார்த்துக்கொண்டு வருகிறது. போன வருஷம் நாலு பேராக இருந்த பயனாளிகள் இந்த வருஷம் ஐந்து. வளர்ச்சி கண்கூடு!"

பிரதம விருந்தினர் தாசையனுக்குப் பொன்னாடை போர்த்தினார். படம் சரியாக விழவில்லை என்று உருவி, மறுபடி போர்த்தினார். தாசையன் மெல்லக் குனிந்து செயலாளர் காதில் கேட்டார்: "ஓலை?"

"பொன்னாடை தந்தாச்சில்லா? ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆராதனையில ஒரு ஐட்டம். அதுதான் சட்டம். ரெண்டு தந்தா ஆளுக சபைக்குள்ள பட்சபாதம்னு சொல்லமாட்டாவளா?"

விருந்தில் பயனாளிகளுக்குக் கடைசிப் பந்தி. முதல் பந்தியில் உட்கார அவர்களுக்கு நேரம் இல்லை. பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான்.

வீட்டுக்கு வந்து தாசையன் பொன்னாடையை மடித்துக் கொடியில் போட்டார். லெந்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு இப்போது மிச்சமில்லை. எலிசாளே சொன்னாள்: "பிள்ளைகிட்ட அந்த ஆபீஸ் எங்கேன்னு கேளுங்க."

குறித்திருந்த அந்த வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீஸில் கிளார்க் பழம்பொரி தின்றுகொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு நோட்டீஸைத் தேடி எடுத்தார். அது ஒரு மாதத்துக்கும் மேலாகப் போர்டில் ஒரு குண்டூசியில் தொங்கியிருந்தது. யாரும் அதற்கு வரவேற்புரை வழங்கவில்லை. காற்று மட்டும் அவ்வப்போது அதைப் புரட்டிப் பார்த்திருந்தது. "எதிர்ப்பு ஒண்ணும் வரல்ல. மாலை கொண்டு வந்தீங்களா?" என்றார் கிளார்க். அவசரத்தில் மாலையை மறந்திருந்தார்கள். தாசையன் பைக்குள் கைவிட்டு, குளிருமோ என்று கப்பலுக்காக எடுத்து வைத்திருந்த பொன்னாடையை மருமகன் தோளில் போட்டார். அஜீஷ் தாலி கட்டினான். எலிசாள் முழங்கால் போட இடம் தேடினாள். அலமாரிகளுக்கு நடுவில் இடமில்லை. நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை அஜீஷை வழியனுப்பிவிட்டு விமான நிலைய வாசலில் நின்றபோது தாசையனின் போன் அடித்தது.

"ஓய் தாசையா, கோளடிச்சுப் போச்சு, அதிர்ஷ்டமாக்கும் உமக்கு!" சத்தியநேசனின் குரலில் சந்தோஷம் பொங்கியது. "நாளைக்குக் குடும்ப ஞாயிறு. மேலிடத்துலயிருந்து பெரிய ஆளு வாறாரு. ஒரு குடும்பம் எப்படி உண்டாவுதுன்னு அவருக்கு நேரடியாக் காட்டணும்னு கமிட்டி தீருமானிச்சாச்சு. உம்ம ஓலையை வாசிக்கோம். ஒரே ஆராதனையில மூணு தடவை!"

"மூணையும் ஒரே நாள்ல வாசிக்கலாமா சாரே?"

"கமிட்டி நினைச்சா என்னதான் நடக்காது?"

"அப்பம் அதை முதல்லயே..."

"முதல்ல பெரிய ஆளு வரல்லியே."

"அதில்ல சாரே. இனி ஓலை வேண்டாம். ஏன்னா அஜீஷ்..."

"நீரு ஒண்ணும் பேசண்டாம். முன்பெஞ்சுல வந்து வெறுமனே இருந்தா போதும். அந்தப் பொன்னாடையைப் போட்டுக்கிட்டு வாரும்."

போன் வைக்கப்பட்டது. பொன்னாடை அப்போது அஜீஷின் பெட்டிக்குள் மேகத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

குடும்ப ஞாயிறு அன்று ஆலயம் நிறைந்திருந்தது. தாசையன் வாழ்க்கையில் முதல் முறையாக முன்பெஞ்சில் உட்கார்ந்தார். ஜெஸ்லினும் எலிசாளும் பெண்கள் பக்கம். வரவேற்புரைகள் முடிந்து, பெரிய ஆளுக்கு மாலைகள் விழுந்து முடிந்து, சத்தியநேசன் ஓலையை விரித்தார். பத்திரமாக வைத்திருந்ததில் நான்காக மடிந்து கிடந்தது. கம்பீரமாக வாசித்தார்.

"...இவ்விருவரும் விவாகத்தில் இணைக்கப்படத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் எழுந்து சொல்லலாம்."

சாதாரணமாக இந்த இடத்தில் யாரும் நிற்கமாட்டார்கள். ஒரு மூச்சு விட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார்கள். ஆனால் அன்று படமெடுக்க வசதியாக நன்றாக நிறுத்தச் சொல்லியிருந்தது கமிட்டி. அந்த நிறுத்தத்தில் தாசையன் எழுந்தார்.

"எனக்குத் தெரியும்."

கேமரா திரும்பியது. திரையில் தாசையன் முகம் ஆளுயரத்துக்கு வந்தது.

"என்னவோய்?" என்று செயலாளர் மெல்லக் கேட்டதை மைக் உரக்கக் கேட்டது.

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆயாச்சு."

"என் ஆண்டவரே!" பொன்னம்மை டீச்சர் நெஞ்சில் கை வைத்தார். "யாரோட?"

"இதே பையனோட டீச்சர். வெள்ளிக்கிழமை, ரிஜிஸ்தர் ஆபீஸ்ல. கல்யாணம் என்னைக்குன்னு ஓலையிலயே எழுதியிருக்கு சாரே. உங்க கையிலதான் இருக்கு. ஆரும் அதைக் கவனிச்சு வாசிக்கல்ல." கடையில் பேசிப் பழகிய வாய், ஒருமுறை திறந்தால் மூடுவது கஷ்டம். "மாப்பிள்ளை நேத்தே கப்பலுக்குப் போயாச்சு. புத்தாண்டுலயிருந்து ஒவ்வொரு ஞாயிறா வந்து நின்னேன். எல்லா ஞாயிறும் ஆருக்காவது அலாட் ஆயிருந்துது. கர்த்தருக்க ஞாயிறுன்னு ஒண்ணு சும்மாக் கிடைச்சிருந்தா, அதுல வாசிச்சிருக்கலாம்."

பெரிய ஆள் மாலைகளுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அச்சன் மெல்லச் சிரிக்கவில்லை, சற்றுப் பலமாகவே சிரித்துவிட்டு இருமலாக்கினார். சத்தியநேசன் முப்பது வருஷ சர்வீஸில் இதைவிடப் பெரிய இக்கட்டுகளைச் சமாளித்தவர். ஓலையை நீவி விட்டார்.

"தடை பதிவு செய்யப்பட்டது. எழுத்துமூலம் தந்தால் அடுத்த கமிட்டியில் பரிசீலிக்கப்படும். இனி, நிகழ்ச்சி நிரல்படி, இரண்டாம் வாசிப்பு."

வாசித்தார். அஜீஷ் என்பவருக்கும் ஜெஸ்லின் என்பவளுக்கும் என்று தொடங்கி, ஒரு சொல் விடாமல், தடை ஏதேனும் அறிந்தவர்கள் வரை வாசித்து, கேமராவுக்காக மறுபடியும் நிறுத்தினார்.

தாசையன் இன்னும் உட்காரவில்லை. உட்காருவதா, வெளியே போவதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆலயத்துக்குள் அவருக்குப் பழக்கமான சொல் ஒன்றுதான். யாரும் சொல்வதற்கு முன்னால், கர்ச்சீப்பு இல்லாமல், அவர் அதைச் சொன்னார்.

"ஆமென்."

பெண்கள் பக்கமிருந்து எலிசாளின் குரல் கேட்டது. "ஆமென்." ஆமென் சொல்லிக் கண்ணை மூடியவள் திறந்தபோது பீடத்தைப் பார்த்து முழங்காலில் இருந்தாள், பக்கத்தில் ஜெஸ்லினும் முழங்காலில் இருந்தாள்.

ஒருவர் ஆமென் சொன்னால் மற்றவர்களும் சொல்வது சபையின் பழக்கம். யோசிக்கும் முன்பே ஆலயம் முழுவதும், கன்வீனர்கள் பேட்ஜுகளோடு, பெரிய ஆள் மாலைகளோடு, ஒரே குரலில் "ஆமென்" என்றது.

இப்படியாக ஜெஸ்லினின் கல்யாணம், ஒரு வரவேற்புரையும் இல்லாமல், கல்லுவிளைச் சபையிலும் நடந்து முடிந்தது. சத்தியநேசன் மட்டும் மூன்றாம் வாசிப்புக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.